எண்ணப்படாத பிடிகள்

போன ஜூலையில் ஊருக்குப் போனபோது குற்றாலத்தில் நல்ல சாரல். பெரியப்பா மகன் ஐந்தருவி போகிற ரோட்டில் சீசனுக்குப் பழக்கடை போடுவார். மங்குஸ்தான், ரம்புட்டான், ஓரத்தில் நாலு பலா. மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் தண்ணீர் தொட்டில் மாதிரி தேங்கியிருந்தது. அண்ணன் கம்பால் அதைக் குத்தி வடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, போனில் பழைய புரோ கபடி ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு டிஃபெண்டரின் படமும் அவர் அதுவரை எடுத்த டேக்கிள் புள்ளிகளும் வந்து போயின.

"ஏல, நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்கிறவன்தான? நான் மொத்தம் எத்தன பேரப் பிடிச்சிருப்பேன்னு சொல்லு பாப்போம்."

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நான் சிரித்த பிறகும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் 2003இலிருந்து 2006 வரை கல்லூரி அணியில் ரைட் கார்னர். மூன்று வருடம் கல்லூரிக்கு ஆடினார். அதற்கு முன்னும் பின்னும் தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் கொடை விழா, பொங்கல் என்று நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளில் ஆடினார். கடைசியில் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது, ஆட்டம் முடிந்தது. மிச்சம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் ஃபைல், உள்ளே 14 சான்றிதழ்கள். எல்லாவற்றிலும் பெயர், வருடம், "கலந்துகொண்டார்" அல்லது "முதல் பரிசு பெற்ற அணியில் இடம்பெற்றார்". எத்தனை பேரைப் பிடித்தார் என்று ஒன்றில்கூட இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு அந்த ஃபைலோடு போனபோது, எதிரே இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க தனியா என்ன பண்ணுனீங்கன்னு இல்லையே தம்பி" என்றாராம். பொய் சொல்லவில்லை அவர். தாளில் அது இல்லைதான்.

காத்திருப்பவனின் வேலை

கபடியை டிவியில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்கு ஏழு பேர். எதிரணியிலிருந்து ஒருவர் பாடி வருவார், அவருக்கு 30 விநாடி. பிடிக்கிற ஏழு பேரும் அரைவட்டமாக நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் கார்னர். பாடி வருகிறவரின் கணுக்கால் பெரும்பாலும் அவர்கள் வேலை. கார்னர் காலைப் பிடித்த நொடியில் கவர், இன் என்று நடுவில் நிற்பவர்கள் மேலே விழுந்து அமுக்க வேண்டும். காலை மட்டும் பிடித்தால் நல்ல ரைடர் இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுவார்.

கார்னரின் கஷ்டம் கையில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டுவார். அது உண்மையிலேயே நீட்டிய காலா, கார்னரை இழுப்பதற்காகப் போட்ட தூண்டிலா என்று தெரிய கால் நொடிகூடக் கிடையாது. முந்தினால் தொட்டுவிட்டுப் போய்விடுவார், கார்னர் வெளியே போய் உட்கார வேண்டும். பிந்தினால் போனஸ் புள்ளி போகும். சாரல் காலத்தில் எங்கள் ஊர்ச் செம்மண் தரையில் இது இன்னும் மோசம். மண்ணை உலர வைக்க மணல் தூவுவார்கள், பிடிக்கிறவன் முழங்கை முழுக்கத் தோல் உரியும்.

ஒருவர் நல்ல கார்னர் என்று பெயரெடுத்துவிட்டால் ரைடர் அவர் பக்கமே வர மாட்டார். நடுவிலேயே பாடிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்த ஆட்டத்தில் கார்னருக்குப் பிடி குறையும். அவர் சரியாக வேலை செய்ததால்தான் குறைகிறது. இதை எந்த ஸ்கோர் ஷீட்டில் எழுதுவது?

மைக்கில் ஊர் கேட்பதும் ரைடர் பெயரைத்தான். சினிமாவும் அப்படியே. 'கில்லி'யில் கடைசி நேரத்தில் பாடிப் போவது வேலு. மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து பிறந்த 'பைசன்' 2025இல் வந்த பிறகு, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் நம் தென்கோடி ஊர்க்காரர் ஒருவர் இருந்தது பலருக்குத் தெரிந்தது. நல்ல விஷயம். ஆனால் கார்னரில் குனிந்து நிற்பவனை நாயகனாக வைத்துப் படம் எடுப்பது கஷ்டம். அவன் பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்யாதவன் போலத்தான் தெரிவான்.

சாக்குக்குள் கட்டப்பட்டவர்கள்

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும், வேறு விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். அமெரிக்கக் கால்பந்தில் அச்சு அசலாக இருந்தது.

அது நம் கால்பந்து இல்லை. 11 பேர், ஹெல்மெட், முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் வாங்கி வீசுபவர் குவார்ட்டர்பேக். அவரை மறித்து நிற்கும் பெரிய உடம்புக்காரர்களின் சுவரை உடைத்துக்கொண்டு போய், அவர் வீசுவதற்கு முன் சாய்ப்பது டிஃபென்ஸிவ் லைன்மேன் என்கிற முன்வரிசைத் தடுப்பாளரின் வேலை. அப்படிச் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். அந்தச் சொல்லைப் பரப்பியவர் டீக்கன் ஜோன்ஸ். எதிரணித் தடுப்பாளர்களையெல்லாம் சாக்கு மூட்டையில் போட்டுக் கட்டி அடிப்பது மாதிரி என்று அவரே விளக்கம் சொல்லியிருக்கிறார்.

ஜோன்ஸ் 1938இல் ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்தவர். கறுப்பினத்தவர். முதலில் சவுத் கரோலினா ஸ்டேட் கல்லூரியில் உதவித்தொகையோடு ஆடினார். மனித உரிமைப் போராட்டம் ஒன்றில் கலந்துகொண்டதற்காக அந்த உதவித்தொகை பறிக்கப்பட்டது. பிறகு மிசிசிப்பி வொகேஷனல் கல்லூரிக்குப் போனார். தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் அவரைத் தேடி வரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்காரர்கள் வேறொரு ஓட்டக்காரரை மதிப்பிட ஃபிலிம் போட்டுப் பார்த்தபோது, அந்த ஓட்டக்காரரைத் துரத்திப் பிடிக்கும் இந்தப் பெரிய ஆள் யார் என்று கேட்டார்கள். 1961 தேர்வில் 14ஆவது சுற்றில்தான் எடுத்தார்கள். 1974 வரை ஆடினார். 1980இல் அந்த விளையாட்டின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

என்.எஃப்.எல். தனிநபர் 'சாக்' கணக்கை அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்தது 1982இல். அதாவது, அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் ஓய்வுபெற்று எட்டு வருடம் கழித்து. அதிகாரபூர்வப் பட்டியலில் டீக்கன் ஜோன்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. கல்லூரி ஆட்டங்களின் நிலை இன்னும் மோசம். தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு தடுப்பாளர்களின் கணக்கை அதிகாரபூர்வமாகச் சேர்க்கத் தொடங்கியது 2000இல்தான். பந்து வீசியவர்கள், ஓடியவர்கள் கணக்கு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இருக்கிறது. அதே மைதானம்தான், அதே ஆட்டம்தான்.

பிறகு சில ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளையும் ஃபிலிம்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினார்கள். 1960 வரை பின்னோக்கிப் போன அந்தக் கணக்கு 2021இல் ஒரு பெரிய புள்ளிவிவரத் தளத்தில் ஏறியது. ஜோன்ஸின் எண் 173.5. எல்லாக் காலத்துக்குமான வரிசையில் மூன்றாவது இடம். அவர் அதைப் பார்க்கவில்லை. 2013லேயே இறந்துவிட்டார்.

அந்த .5 என்னவென்று பார்த்தேன். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.

39 வயதில் தொடங்கும் வரலாறு

நம் பக்கத்து ஜோன்ஸ் யார் என்று யோசித்தால் தர்மராஜ் சேரலாதன்தான் நினைவுக்கு வருகிறார். 1975இல் பிறந்தவர், தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்காரர். அண்ணனைப் போலவே ரைட் கார்னர். புரோ கபடி லீக் தொடங்கியது 2014 ஜூலை 26. அன்று சேரலாதனுக்கு 39 வயது. மற்ற விளையாட்டுகளில் அந்த வயதில் வர்ணனைக்குப் போய்விடுவார்கள். இவர் முதல் சீசனில் பெங்களூரு புல்ஸ் அணியில் இறங்கினார்.

2016 ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நான்காவது சீசன் இறுதிப்போட்டி. பாட்னா பைரேட்ஸ் 37, ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் 29. கோப்பையை வாங்கிய கேப்டன் 41 வயது சேரலாதன். அந்த அணியின் நட்சத்திரம் பர்தீப் நர்வால், இன்னும் இருபது வயது ஆகாத ரைடர். மறுநாள் எல்லோரும் பேசியது பர்தீப்பைப் பற்றி. அதே அக்டோபரில் அகமதாபாத் உலகக்கோப்பை. முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 32-34 என்று தோற்று, பிறகு மீண்டு வந்து, இறுதிப்போட்டியில் ஈரானை 38-29 என்று வென்றது. அந்த அணியிலும் சேரலாதன் இருந்தார். 2019இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன்.

அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. வேகம் குறைந்த இடத்தை அவர் நிற்கும் இடத்தால் ஈடுகட்டினார். பாய மாட்டார். ரைடர் திரும்ப வேண்டிய வழியில் அரை அடி முன்னால் போய் நின்றுகொள்வார். இது மண்ணில் வெறுங்காலோடு பல வருடம் ஆடிச் சேர்த்த அறிவு. மேட்டில் ஷூ போட்டு ஆடும் காலத்திலும் அது வேலை செய்தது.

அந்தப் பல வருடங்கள் எங்கே? அவருடைய புரோ கபடிப் பக்கத்தைத் திறந்தால் வரலாறு 2014இல் தொடங்குகிறது. ஒரு கார்னரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் இருபதுகளும் முப்பதுகளும் அந்தப் பக்கத்துக்கு வெளியே. நாம் பார்த்ததும் எண்ணியதும் அவருடைய மாலை நேரத்தை மட்டும்தான்.

பூஜ்யமும் காலியும்

என் வேலையில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் விஷயங்களில் ஒன்று: டேட்டாபேஸில் பூஜ்யம் வேறு, நல் வேறு. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. நல் என்றால் அந்தக் கட்டம் காலி, நமக்குத் தெரியாது. இரண்டையும் குழப்பினால் ரிப்போர்ட் பொய் சொல்லும். சராசரி எடுத்தால் தப்பாக வரும், யாரோ ஒருவர் சம்பந்தமே இல்லாமல் பட்டியலின் அடியில் போய் நிற்பார்.

அண்ணனுக்கு நடந்தது இதுதான். அவருடைய கட்டம் காலியாக இருந்தது. மேசைக்கு எதிரே இருந்தவர் அதைப் பூஜ்யமாகப் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. தாளில் இருப்பதை மட்டும் பார்க்கச் சொன்ன ஒரு வேலையைச் செய்தார். எண்ணாமல் விட்டது அவருக்கு முன்னால் மூன்று வருடம் நடந்த ஆட்டங்களில்.

இப்போது எண்ணுகிறார்கள், அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? எண்ணினாலும் சாய்வு இருக்கிறது. ஐந்தாவது சீசனில் பர்தீப் நர்வால் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369. ஒரு சீசனில் 100 டேக்கிள் புள்ளியைத் தொட்ட முதல் ஆள் நிதேஷ் குமார், அது ஆறாவது சீசன். ரைடர் ஒரே பாட்டில் மூன்று நான்கு பேரைத் தொட்டுவிட்டு வரலாம். பிடிக்கிறவர்களுக்கு ஒரு பிடிக்கு ஒரு புள்ளி, மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒன்று. அந்தப் புள்ளியும் ஒரு பெயருக்குத்தான் போகும். முதுகில் விழுந்து அமுக்கியவர்களின் பெயர் அந்த வரிசையில் வராது. ரைடரைப் பக்கத்திலேயே வரவிடாமல் நின்ற கார்னருக்கு எதுவும் கிடையாது.

எக்செல்

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சாரல் விட்டிருந்தது, கூட்டம் குறைவு. "சொல்லுண்ணே, எண்ணுவோம்" என்றேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு பாவூர்சத்திரம் பக்கம் நடந்த ஒரு போட்டியில் தொடங்கினார்.

ஆட்களின் பெயர் பாதி அவருக்கு நினைவில்லை. கால்கள் நினைவிருந்தன. "இடது கால முன்னால வச்சு ஆடுவான், வலது கால்ல பேண்டேஜ்." "பெருவெரல் நகம் இருக்காது அவனுக்கு." இருபது வருடத்துக்கு முந்தைய கணுக்கால்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தேதி தெரியாத இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டேன். இரண்டு மணி நேரத்தில் 37 வரிசை ஆனது. நடுவில் ஒரு குடும்பம் வந்து ரம்புட்டான் விலை கேட்டது. எடை போட்டுக் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட பிடியை அதே வாக்கியத்திலிருந்து தொடர்ந்தார்.

முடித்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினேன். விரலால் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் 22ஆவதில் நின்றார்.

"இது என் பிடி இல்லல. நான் கால மட்டும்தான் பிடிச்சேன், வழுக்கிட்டுது. கவர்ல நின்னவன்தான் முதுகுல விழுந்தான். இத எடுத்துரு."

எடுக்க வேண்டாம், பாதி போடலாம் என்றேன். ஜோன்ஸின் .5 கதையைச் சொன்னேன். யோசித்தார்.

"அப்ப அவன் பேரையும் பக்கத்துல போடு" என்றார்.

கவர் என்று இன்னொரு காலம் சேர்த்து, அவர் சொன்ன பெயரை எழுதினேன். அண்ணன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடி முதல் வரிசையிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.