ஹிரோஷிமாக் கல்வாசகத்தின் தோன்றா எழுவாய்

ஹிரோஷிமா நகராட்சி 1952 ஆகஸ்டு 6ஆம் நாள் திறந்துவைத்த ஞாபகச் சின்னத்தின் கல்வாசகம், அணுகுண்டால் மாண்டோரை அமைதியாக உறங்குமாறு வேண்டி, பிழையை மீண்டும் செய்வதில்லையென்று உறுதி கூறுகிறது. பிழை செய்தவர் யாரென்பதை மறைக்கும் பொருட்டே அவ்வாக்கியம் எழுவாயின்றி அமைக்கப்பட்டதென்பது அறிஞர் பலருடைய அபிப்பிராயம். அதனை ஏற்க எனக்கு இயலவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அங்கு வந்த நீதிபதி ராதாபினோத் பால், குண்டை வீசியோர் ஜப்பானியர் அல்லரே என்று ஆட்சேபித்ததும், வாசகத்தை இயற்றிய பேராசிரியர் ஸைகா ததயோஷி, அது உலக மாந்தர் யாவருக்கும் உரியதென மறுமொழி கூறியதும் துறையறிந்தோர் அறிவர். ஆட்சேபித்தவரும் அவர் வழிவந்தோரும் நடந்துபோன செயலுக்குக் கர்த்தாவைத் தேடினர். வாசகத்தின் வினையோ எதிர்காலத்தது.

ஜப்பானிய வினைமுற்றில் இடங்காட்டும் விகுதி இல்லையாதலின், தனித்து நோக்குமிடத்து அது படர்க்கைக்கும் பொருந்தும் என்பர். பொருந்தலாம். ஆயினும், உறங்குக என்று வேண்டுவோன் அவ்வேண்டுகோளுக்குக் காரணமாகப் பிறனொருவன் நடக்கையைப் பிரதிக்ஞை செய்தல் இயலாது. ஆகவே வினை தன்மையிடத்ததே. இங்கு நம் மொழி ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. வாசகத்தைத் தமிழாக்க முற்படுவோர்க்கு, மானிட ஜாதி முழுமையையும் கருதி, ‘நாம் செய்யோம்’ என்பதே முதலில் தோன்றும். ஆனால் ‘நாம்’ முன்னிலையாரை உளப்படுத்துவது, இங்கு முன்னிலையாரோ இறந்தோர். பிழையைச் செய்யவும் செய்யாதிருக்கவும் இனி ஆற்றலற்ற அவர்களை அந்தப் பிரதிக்ஞையில் சேர்த்தல் தகாது. ‘நாங்கள்’ என்பதே தக்கது. அச்சொல் விலக்குவது ஒரு தேசத்தாரையன்று, மாண்டோரை மட்டுமே. கல்லின் முன் நின்று அதனை வாசிக்கும் அமெரிக்கனும், ஜப்பானியனும், நம்மவரும் அதனுள் அடங்குவர். இந்நோக்கில், எழுவாய் இன்மை மறைப்பாகாது. வாசிப்போன் தன்னையே அவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளுமாறு விடப்பட்ட இடமாகும். 1983இல் நகராட்சி நாட்டிய விளக்கப் பலகை இதனோடு முரண்படவில்லை.

உலகப் பொதுமை பேசுவது அரசுகளின் குற்றத்தைக் கரைத்துவிடும் என்னும் வாதத்துக்கு நெடிய விடை வேண்டுவதில்லை: குற்றத்தை விசாரிப்பது ஹிரோஷிமாவில் 1955இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் கடமை, இறந்தோரிடம் பேசும் கல்லின் கடமை அன்று.

எனினும், தன்மையைக் காட்டிலும் முன்னிலையிடத்தேதான் ஓர் உண்மையான குறை இருந்தது. சின்னத்தின் கற்பேழையுள் இறந்தோர் பெயரேடுகள் தேசபேதமின்றி வைக்கப்பட்டுள்ளன. அவ்வாறிருந்தும், அங்கு மாண்ட கொரியருக்காக 1970இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம், கல்வாசகச் சின்னம் அமைந்த பூங்காவுக்கு வெளியே நின்றது. 1999இல்தான் அது உள்ளே கொணரப்பட்டது.