ஓரெழுத்துத் திருத்தம்

1845இல் வெபர் சகோதரர்கள் வேகஸ் நரம்பைத் தூண்டி இதயத் துடிப்பை மந்தமாக்கிக் காட்டினர். உறுப்புக்கு ஆணை செல்லும் பாதையாக அந்நரம்பு அறியப்பட்டது. 1868இல் ஹெரிங்கும் பிராயரும் எதிர்த்திசையை மெய்ப்பித்தனர்: நுரையீரல் விரிந்த செய்தி அதே நரம்பின் வழி மூளைக்கு ஏறி, உள்மூச்சை நிறுத்துகிறது.

அவ்வாறு மேலேறும் செய்திகளை இழை இழையாகப் பிரித்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அவ்தார் சிங் பெயின்டல். எடின்பரோவில் ஆய்வுப் பயிற்சி பெற்ற அவர், 1955இல் பூனையின் வேகஸ் இழைகளில் எழும் துடிப்புகளைப் பதிவுசெய்து, நுரையீரலில் ஒருவகை உணர்வேற்பிகளைக் கண்டறிந்தார். நுரையீரல் சுருங்குவதை உணர்பவை எனக் கருதி, அப்பொருள்படவே பெயரிட்டார்.

அது முழு உண்மையன்று. நுண்குழாய்களைச் சூழ்ந்த திசுவில் நீர் மிகும்போதே அவை வலுவாகத் தூண்டப்படுகின்றன என்று அவரே பின்னர் காட்டினார். 1969ஆம் ஆண்டுக் கட்டுரையில், நுண்குழாய்க்கு அருகமைந்தவை என்னும் பொருளில், 'ஜே' ஏற்பிகள் என்றே அவற்றைக் குறித்தார்.

இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும் நோயாளியின் மூச்சுத் திணறலை விளக்க முயல்வோர் இன்றும் அவ்வேற்பிகளை எண்ணிப் பார்க்கின்றனர். பாடநூலில் மாணவர் மனப்பாடம் செய்யும் அவ்வோரெழுத்து, ஓர் ஆய்வாளர் தம் கூற்றைத் தாமே திருத்திக்கொண்டதன் சுவடு.