சத்திரம் வீடான கதை

'ஹோம்' என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் 'வீடு' என்போம். 'ஹவுஸ்' என்றாலும் அதே வீடுதான். இதை வைத்து, தமிழில் ஹோமுக்குச் சொல்லே இல்லை என்று சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. அப்படிப் பார்த்தால் கிரேக்கத்திலும் இல்லை. பழைய கிரேக்கத்தில் ஓய்கோஸ், ஓய்கியா என்று இரண்டு சொற்கள். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் புழங்கியதும் உண்டு. ஆனால் சொத்து, சட்டம் என்று வந்தால் ஏதென்ஸ்காரர்கள் பிரித்துப் பேசினார்கள். ஓய்கியா குடியிருக்கும் கட்டடம். ஓய்கோஸ் என்பது கட்டடம், நிலம், ஆடுமாடு, அடிமைகள், உறவு எல்லாம் சேர்ந்தது. செனஃபோனின் 'ஓய்கோனமிகோஸ்' என்ற நூல் இதை நிர்வகிப்பது பற்றியது. எக்கனாமிக்ஸ் என்ற சொல்லின் வேர் இதுதான். நம்ம பேச்சில் சொன்னால், குடித்தனம் பண்ணும் கலை.

குடித்தனம் என்றதும் கவனியுங்கள், ஓய்கோஸுக்குப் பக்கத்தில் வரும் தமிழ்ச் சொல் வீடு அல்ல, குடி. வீடு, குடும்பம், வம்சம், ஊர், நாட்டு மக்கள் எல்லாமே குடிதான். பரமக்குடி, காரைக்குடி, மதுரைக்குப் பக்கத்தில் சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி என்று ஊர்ப்பெயர்களில் அது உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. இன்றைய கிரேக்கர் யாரும் வீட்டுக்குப் போகும்போது 'ஓய்கோஸுக்குப் போறேன்' என்று சொல்வதில்லை. அவர்கள் சொல்வது 'ஸ்பீத்தி'. இது கிரேக்கச் சொல்லே அல்ல. லத்தீன் ஹோஸ்பிதியம், விருந்தாளி தங்கும் இடம், சத்திரம். ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல் எல்லாம் இதே குடும்பம்தான். சத்திரத்துக்கான சொல் வந்து வீட்டுக்கான பழைய சொல்லை அன்றாடப் பேச்சிலிருந்து வெளியே தள்ளிவிட்டது.

தமிழிலும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் குடியிருக்கும் இடம் இல், மனை, அகம். பெரிய மாளிகையாக இருந்தால் நகர். வீடு என்ற சொல் அங்கே பெரும்பாலும் விடுதல், விடுதலை என்ற பொருளில்தான் வரும். திருக்குறளிலும் குடும்ப வாழ்க்கை பற்றிய அதிகாரத்தின் பெயர் 'இல்வாழ்க்கை'. நட்பாராய்தல் அதிகாரத்தின் முதல் குறளில் வரும் வீடு, நண்பனை விட்டுவிடுவது. அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து வைக்கும் வீடும் விடுதலைதான்.

அப்புறம் எப்படி அது சுவரும் கூரையும் ஆனது? 'விடு' என்ற வேரிலிருந்துதான் 'விடுதி'யும் வருகிறது. படை போகிற வழியில் இறங்கித் தங்குமிடம் படைவீடு. திருப்பரங்குன்றத்தையும் பழமுதிர்சோலையையும் படைவீடு என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கன்னடத்தில் 'பீடு' என்றால் முகாம், உறைவிடம். தெலுங்கில் 'வீடு' ஊரையும் முகாமையும் குறிக்கும். பயணத்தை நிறுத்தி, சுமையை இறக்கிவிட்டுத் தங்கும் இடம், பிறகு நிரந்தரமாகத் தங்கும் இடம் என்று பொருள் நகர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஸ்பீத்தி போன அதே பாதை.

உடனே 'பார்த்தீர்களா, வீடும் ஸ்பீத்தியும் ஒன்று, ஓய்கோஸே அகம்தான்' என்று கிளம்பிவிட வேண்டாம். ஓய்கோஸின் உறவுக்காரர்கள் லத்தீன் 'விகுஸ்', சமஸ்கிருத 'விஷ்'. தமிழுக்கும் அதற்கும் ரத்த உறவு கிடையாது. இரண்டு மொழிகள் ஒரே மாதிரி நடந்துகொண்டன, அவ்வளவுதான். அதுவே போதுமான ஆச்சரியம் இல்லையா?

சரி, பழைய 'இல்' எங்கே போனது? கூட்டுச்சொற்களுக்குள் ஒளிந்துகொண்டது. இல்லறம், இல்லாள், இல்லத்தரசி. (இல்லாளுக்கு ஆண்பால் தேடினால் 'இல்லான்', ஒன்றும் இல்லாதவன்! வீட்டுக்கும் இன்மைக்கும் ஒரே ஒலி அமைந்ததால் வந்த வினை.) 'ஊரில்', 'மதுரையில்' என்று நாம் சேர்க்கும் இல் உருபும் அந்த வீடுதான் என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றால், 'வீட்டில்' என்கிற ஒரு சொல்லுக்குள் இரண்டு வீடுகள்.

மதுரையில் அந்த இல்லைத் தினமும் எல்லோரும் சொல்கிறோம்: கோயில். கோ இருக்கும் இல். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அரண்மனையும் கோயில்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தன் புவியியல் நூலில் மதுரையை 'மொதூரா, பாண்டியோனின் பசிலேயோன்' என்று குறித்தார். பசிலேயோன் என்றால் அரசன் இருக்குமிடம். தாலமிக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கோயில் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு இருக்காது. பிறகு தமிழில் கோயில் சாமிக்கு மட்டும் என்றாகி, அரசனின் வீடு வேறு பெயர் தேடிக்கொண்டது. திருமலை நாயக்கர் வாழ்ந்ததை இன்று மஹால் என்கிறோம்.

கிரேக்கத்திலிருந்து தமிழுக்கு இந்தச் சொற்கள் நேரடியாக வந்து சேர்ந்த இடம் தரங்கம்பாடி. சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கே 1714-15இல் அச்சானது. யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு தன் தந்தையின் ஓய்கியாவில் பல 'மோனே' இருப்பதாகச் சொல்கிறார். மோனே என்றால் தங்கும் இடம். இன்று பரவலாகப் படிக்கப்படும் தமிழ் பைபிளில் ஓய்கியா 'வீடு' ஆகிறது, மோனே 'வாசஸ்தலம்' ஆகிறது. தந்தையின் வீடு என்றதும் தமிழ்க் காதில் மோட்சமும் சேர்ந்தே விழும். கிரேக்கச் சொல்லில் அது கிடையாது. மொழிபெயர்ப்பில் பொருள் குறைந்துபோகும் என்பார்கள், இங்கே கூடிவிட்டது.

பேச்சுமொழியில் வீடு மனிதர்களையும் விழுங்கிவிட்டது. 'வீட்டுக்காரர் ஊர்ல இல்ல' என்றால் கணவராகவும் இருக்கலாம், வாடகை வாங்குகிறவராகவும் இருக்கலாம். 'எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்றால் மனைவியையோ கணவரையோ கேட்க வேண்டும். பிராமணர் பேச்சில் அகம் ஆமாகி, 'ஆத்துக்காரர்' ஆனது. கிரேக்க ஓய்கோடெஸ்போடேஸ், அதாவது வீட்டுத் தலைவன், இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பொருந்தும்.

இல்லம் மட்டும் போர்டுக்குப் போய்விட்டது. வாசல் கல்லில் 'அன்பு இல்லம்' என்று பொறித்தவர்களும் 'இல்லத்துக்குப் போறேன்' என்று சொல்வதில்லை. கிரேக்கத்திலும் ஓய்கோஸ் (இன்று உச்சரிப்பு ஈகோஸ்) இப்போது பெயர்ப்பலகைச் சொல்தான். வெள்ளை மாளிகை அவர்களுக்கு ஓர் ஈகோஸ். ஃபேஷன் கம்பெனியும் ஈகோஸ். முதியோர் இல்லம் அங்கே 'ஈகோஸ் எவ்கிரீயாஸ்'. மதுரையிலோ ஏதென்ஸிலோ, அதில் சேர்த்துவிடப்பட்ட ஒரு பாட்டி 'வீட்டுக்குப் போகணும்' என்று சொன்னால் இல்லம் என்றும் ஈகோஸ் என்றும் சொல்லமாட்டாள். வீடு என்பாள், ஸ்பீத்தி என்பாள்.