மூன்றாவது துளை

சோழவரத்தில் கார் பந்தயம் ஓடியது இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில். அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை எங்கள் ஊரின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது அந்தப் பந்தயம்தான். எனக்கு அதில் நினைவிருப்பது வண்டிகள் அல்ல, வயர். அப்பா மைக் செட்காரர். பந்தய நாட்களில் டீக்கடைப் பந்தல்களுக்கு லைன் இழுக்கும் வேலையும் அவருக்கு வரும். ஆறாவது படிக்கும்போதே வயர் சுருளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடுவேன்.

தற்காலிக இணைப்பு என்றால் அன்று இரண்டே கம்பி. முனையைச் சீவி சாக்கெட்டின் கீழ்த் துளைகள் இரண்டிலும் விட்டு, தீக்குச்சி அடித்து இறுக்குவார்கள். மேலே இருக்கும் பெரிய துளை சும்மா கிடக்கும். பல்பு எரிய இரண்டு கம்பி போதும் என்பதால் யாரும் அதைத் தேடவில்லை. திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் இப்படித்தான் நடந்தன. இந்தப் பழக்கம் எத்தனை உயிரைக் குடித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறும்.

அந்தத் துளையை வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள். நம் உருண்டைப் பின் பிளக், பிரிட்டனில் 1934-இல் வந்த பிஎஸ் 546 தரத்தின் வாரிசு. அவர்கள் 1947-இல் செவ்வகப் பின் தரத்துக்கு மாறிவிட்டார்கள். நாம் உருண்டையிலேயே நின்றுவிட்டோம். ஒரு பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளமும் கூட. சொருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்கான நீளம் அது. ஷட்டர் வைத்த சாக்கெட்டில் அந்தப் பின் நுழைந்தால்தான் கீழ்த் துளைகள் திறக்கும். நம் ஆட்கள் அதில் பேனா ரீஃபிலை விட்டுத் திறந்து, இரண்டு பின் பிளக்கைச் சொருகுகிறார்கள்.

அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஹோல்டரில் 100 வாட் பல்பு, அதிலிருந்து இரண்டு கம்பி: அதுதான் அவருடைய டெஸ்ட் லாம்ப். எந்த இடத்தில் லைன் எடுத்தாலும் முதலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைப்பார், பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும். இரண்டிலும் ஒரே வெளிச்சம் வர வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை. "டெஸ்டரை நம்பாதடா, அது கரண்ட் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்" என்பார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம், நானும் வயரிங் வேலைக்கு வந்த பிறகு, சில வருடங்களுக்கு முன்தான் புரிந்தது. ஜனப்பன்சத்திரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஷூட்டிங்குக்கு கேரவன் வந்து நின்றது. மூன்று பின் உள்ள நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளில் பார்த்த அதே வகை. மண்டபத்தில் அதற்குச் சாக்கெட் இல்லாததால், ஒரு துண்டு வயர் போட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டியிருந்தார்கள். "அண்ணே, ஏசி நின்னுபோச்சு, படியில கால் வச்சா ஷாக் அடிக்குது" என்று டிரைவர் தம்பி கூப்பிட்டார். மழை பெய்து தரை ஈரம்.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். டெஸ்டர் வைத்தால் மூன்று துளையிலும் எரிந்தது! ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் டெஸ்ட் லாம்ப் வைத்தேன், எரியவில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன், அதுவும் இல்லை. ஃபேஸிலிருந்து போர்வெல்லின் இரும்புக் குழாய்க்கு வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. மெயினை இறக்கிவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினேன். எர்த் கம்பியே இல்லை. நியூட்ரலிலிருந்து ஒரு சின்ன வயரை எர்த் முனைக்கு லூப் செய்திருந்தார்கள். போர்டில் அந்த லைனின் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து கருகிக் கிடந்தது. நியூட்ரல் விட்டதும், ஓடிக்கொண்டிருந்த சமையல்கூடத்து ஃபேன்கள், கேரவன் ஏசி வழியாக ஃபேஸ் திரும்பி வந்து லூப்பில் ஏறி வண்டி பாடிக்கே போய்விட்டது. ரப்பர் டயரில் நிற்கிற வண்டி. மின்சாரம் தரைக்கு இறங்க, படியில் கால் வைக்கிற மனிதர்தான் வழி.

இதில் என்னைக் கலங்க வைத்தது வேறு. நியூட்ரல் நன்றாக இருந்த நாளில் அப்பாவே வந்து டெஸ்ட் லாம்ப் வைத்திருந்தாலும் இரண்டிலும் ஒரே வெளிச்சம்தான் வந்திருக்கும். மூடியைக் கழற்றினால்தான் லூப் தெரியும்.

அன்று கேரவனை அதன் ஜெனரேட்டரிலேயே ஓடச் சொன்னேன். மறுநாள் மண்டபத்தில் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் எடுத்தோம். மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் போட்டேன். இப்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லாம்ப் வைத்தால் பல்பு எரிவதற்குள் டிரிப் ஆகிவிடுகிறது.

மண்டபக்காரர்களே, கேரவன்காரர்களே, அடுத்த வண்டி வந்து நிற்பதற்குள் வயர்மேனைக் கூப்பிட்டு உங்கள் சாக்கெட் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.