மூச்சு முட்டிய புல்லட்

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியால பெரிய தொல்லை இல்லைங்க. தள்ளிக்கிட்டுப் போய் மெக்கானிக் வாசல்ல நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிடலாம். ஸ்டார்ட் ஆகி, அருமையா ஓடி, ரெண்டு கிலோமீட்டர்ல பொசுக்குன்னு செத்துப் போற வண்டி இருக்கு பாருங்க, அதுதான் ஆளைக் கொல்லும். கால் மணி நேரம் கழிச்சு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். எங்க பொழப்புலயும் இந்த ரகம் உண்டு. ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும், ஏன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

எங்க மாமாவோட பழைய 350 புல்லட்டுக்கு இந்த வியாதி. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

ட்ரையல்ஸ்னு ஒரு மோட்டார்சைக்கிள் போட்டி இருக்கு. இதுல வேகத்துக்கு வேலையே இல்லை. பாறை, சேறு, ஓடைன்னு குறிச்சு வெச்ச இடங்களைக் கால் ஊன்றாம கடக்கணும். காலை ஒரு தடவை ஊன்றினா 1 புள்ளி தண்டம். வண்டி நின்னே போச்சுன்னா 5. ஆக, ட்ரையல்ஸ்காரனோட முதல் எதிரி அணைஞ்சு போற எஞ்சின்தான்.

1948 பிப்ரவரியில இங்கிலாந்துல நடந்த கோல்மோர் கோப்பை ட்ரையலுக்கு ராயல் என்ஃபீல்ட் தன்னோட புது புல்லட்டின் மாதிரி வண்டிகளைக் கொண்டு வந்தது. பின்சக்கரத்துக்கு ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷன் வெச்ச வண்டி. 'பின்னாடி ஸ்பிரிங் வெச்சா ட்ரையல்ஸ் ஓட்ட முடியாது'ன்னு அன்னைக்குப் பெரிய கைகள் எல்லாம் நம்பிக்கிட்டிருந்த காலம். அதே வருஷம் இத்தாலியில சான் ரெமோவுல நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில புல்லட் ஓட்டின விக் பிரிட்டனும் சார்லி ரோஜர்ஸும் தங்கப் பதக்கம் வாங்கினாங்க. விக்கோட மகன் ஜானி பிரிட்டன் 1952லயும் 1957லயும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையல்ல ஜெயிச்சாரு.

நம்ம ராணுவத்துக்கும் புல்லட் புடிச்சுப் போச்சு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்துல தயாரிப்பு 1970ல அடங்கிடுச்சு. திருவொற்றியூர்ல மட்டும் நிக்கலை. 1977ல இங்கேருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி! 2019ல ஜானி பிரிட்டன் ஞாபகார்த்தமா 'புல்லட் ட்ரையல்ஸ்'னு ஒரு மாடலும் போட்டாங்க. ரொம்ப நாள் ஓடலை.

ஸ்காட்லாந்துல ஜெயிச்ச குணம் என்னன்னா, கனமான ஃப்ளைவீல். சுத்த ஆரம்பிச்சா சுலபத்துல நிக்காது, நடக்கிற வேகத்துலயும் டப்... டப்...னு இழுக்கும். எங்க கல்வராயன் மலைக்கும் அதுதான் தேவைப்பட்டது.

கள்ளக்குறிச்சியிலேருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினா மலை ஆரம்பம். மூணு ஜாகீர்தாருங்க கையில இருந்த மலை. அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்தது 1976லதான். அதாவது, நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம்தான் ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு ஒவ்வொண்ணா நகர்ந்தது. ரோடு போகாத ஊர்ல நோயாளியை டோலி கட்டித் தூக்கிட்டு வரணும். மாமா 1988ல அங்கே வாத்தியாரா போனப்ப செகண்ட் ஹாண்டுல வாங்கின வண்டி இது.

1991ல ஒரு மழை ராத்திரி, அவர்கிட்ட படிச்ச பையனைப் பாம்பு கடிச்சிடுச்சு. பையனை நடுவுல வெச்சு, அவன் அப்பாவைப் பின்னாடி ஏத்திக்கிட்டு மாமா கிளம்பியிருக்காரு. வழியில மூணு தடவை வண்டி அணைஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவையும் இருட்டுல காத்திருந்து, உதைச்சு உதைச்சு, மொத்தமா ஒரு மணி நேரம் போச்சு. பையன் பொழச்சுட்டான். கால் போயிடுச்சு. அதுக்கப்புறம் மாமா அந்த வண்டியை மலைக்கு எடுக்கவே இல்லை. கீழே, கடைத்தெரு வரைக்கும்தான். ரிட்டயர் ஆனதும் தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு.

அதை நான் கேட்டு வாங்கினேன். லீவு நாளா பார்த்து டயர், ஒயரிங், பெட்ரோல் டேப், பிளக், கண்டன்சர் எல்லாம் புதுசு போட்டேன். கார்ப்பரேட்டரைக் கழட்டிக் கழுவினேன். கள்ளக்குறிச்சிக்குள்ள ஜம்முனு ஓடிச்சு. ஃபுல் டேங்க் அடிச்சு மலைக்கு விட்டேன். அணை தாண்டின கொஞ்ச தூரத்துல அணைஞ்சுடுச்சு.

கூட வந்த நண்பன், "மலையில காத்து கம்மிடா, அதான்"னான். தப்பு. ஆயிரம் மீட்டர் உயரத்துலயே காத்தழுத்தம் சுமாரா பத்துல ஒரு பங்குதான் குறையும். அதுக்கு இழுவை குறையும், உயிர் போகாது. அதுவும் நாங்க இன்னும் ஏறவே ஆரம்பிக்கலை. அடுத்த சந்தேகம் கண்டன்சர். பழைய பாயிண்ட் வண்டியில சூடானா மக்கர் பண்ற சாமான் அது. ஆனா பிளக்கைக் கழட்டிப் பார்த்தா பொறி நீலமா, திடமா இருக்கு. பிளக்கு மட்டும் காஞ்சு கெடக்கு. அப்போ பெட்ரோல் வரலைன்னு அர்த்தம்.

ஒரு வயசான மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஒரே கேள்விதான் கேட்டாரு: "தம்பி, டேங்க் மூடியைத் திறந்து பாத்தியா?"

திறந்தேன். 'உஸ்ஸ்'னு காத்து உள்ளே போச்சு. உதைச்சேன், உயிர் வந்துடுச்சு.

விஷயம் +2 பிசிக்ஸ்தாங்க. புல்லட்டுல பெட்ரோல் தன் எடையாலதான் கீழே இறங்குது. ஒரு அடி உயரத்துப் பெட்ரோலோட அழுத்தம் காத்தழுத்தத்துல சுமாரா 2 சதவீதம். மூடியில இருக்கிற சின்ன ஓட்டை அடைச்சுக்கிட்டா, இறங்கின பெட்ரோலுக்குப் பதிலா காத்து வர வழியில்லை. டேங்க் நிறைய இருந்து மேலே அரை லிட்டர் காத்துதான் இருக்குன்னா, 10 மில்லி இறங்கினதுமே அந்த 2 சதவீதம் குறைஞ்சு ஓட்டம் நின்னுடும். கார்ப்பரேட்டர் கப்புல மிச்சம் இருக்கிறதோட ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். அதே டேங்க்ல பத்து லிட்டர் காலியா இருந்தா, 200 மில்லி இறங்கணும். அதுக்குள்ள எங்கேயாவது கசிஞ்சு காத்து போயிடும். அதான் ஊருக்குள்ள கொஞ்சூண்டு பெட்ரோல்ல ஓடறப்ப வியாதி தெரியறதே இல்லை. சும்மா நின்னா மெதுவா காத்து கசிஞ்சு சரியாயிடும். கால் மணி நேர மர்மம் அவ்வளவுதான்.

மூடியோட அடியைச் சுரண்டினேன். வட்டமா வெட்டின ரப்பர் ஒண்ணு கல்லு மாதிரி இறுகி, ஓட்டை மேல ஒட்டிக் கெடந்தது. சைக்கிள் ட்யூப். எல்லாத்தையும் மாத்தினவன், மூடியை மட்டும் துடைச்சு அப்படியே மாட்டியிருக்கேன்.

சாயங்காலம் மாமாகிட்ட விஷயத்தைச் சொல்லி ரப்பரைக் காட்டினேன். "அந்த ராத்திரி டேங்க் ஃபுல்லா இருந்துச்சா மாமா?"

"ஆமா மாப்ள, கேன்ல இருந்ததை எல்லாம் ஊத்திட்டுத்தான் கெளம்பினேன். வழியில தீந்துடக் கூடாதுல்ல?"

ரப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பேசலை.

"கொண்டை ஊசி வளைவுல பெட்ரோல் ததும்பி தொடையில கொட்டும்டா. அதுக்காக நான்தான் வெட்டிப் போட்டேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. எந்த மெக்கானிக்கும் கண்டுபுடிக்காததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னேன். ரோடும் ஆஸ்பத்திரியும் பக்கத்துல இருந்திருந்தா ஒரு ரப்பர் துண்டு இவ்வளவு பெரிசா ஆகியிருக்குமான்னேன். அவரு பதில் சொல்லலை. ரப்பரைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு கிக்கர் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். மாமா வண்டி மேல உக்காந்திருந்தாரு.

"வெள்ளிமலை வரைக்கும் போய்ட்டு வரலாம், ஏறு. அந்தப் பையன் இப்ப அங்கதான் கடை வெச்சிருக்கான்"னாரு.

போற வழியில நாலு எடத்துல வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, காதை வெச்சுக் கேட்டாரு. ஒரு சத்தமும் இல்லை.