40 வயதைத் தாண்டியும் கேப்டன், பிறகு வியூகப் பயிற்சியாளர்: யார் இந்த தர்மராஜ் சேரலாதன்?

சுந்தரபாண்டியம், ராஜபாளையம் பக்கம் ஊர்த் திருவிழாவில் கபடிப் போட்டி நடந்தால், கைதட்டல் பெரும்பாலும் ரெய்டு போறவருக்குத்தான். ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவரை யாரும் அவ்வளவா கவனிக்கிறதில்லை. அந்த ஓரத்தில் நின்றே இந்திய அணி வரை போனவர், தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன்.

1975-ல் பிறந்தவர். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கும்போதே வயது 39. பலர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கும் வயசு அது. ஆனால் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாக கோப்பையைத் தூக்கினார். ஃபைனலில் ஜெய்ப்பூரை 37-29 என வீழ்த்தியது பாட்னா. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். சக வீரர்களுக்கு இவர் 'அண்ணா'. தமிழ் தெரியாதவர்களும் அப்படித்தான் கூப்பிடுவாங்க!

இந்த வயசில் எப்படி முடிந்தது? ரெய்டருக்கு வேகம் வேணும். கார்னரில் நிற்பவருக்கு அதைவிடப் பொறுமை முக்கியம். ஒரு நொடி முந்திப் பாய்ந்தால் ரெய்டர் தொட்டுட்டுப் போயிடுவார், ஒரு நொடி பிந்தினால் கோட்டைத் தாண்டிடுவார். ரெய்டரின் எந்தக் கால் முன்னால் வருது, உடம்பு எந்தப் பக்கம் சாயுது என்பதைப் படிக்கணும். கார்னர் கணுக்காலைப் பிடித்த உடனே பக்கத்தில் நிற்கும் கவர் வீரர் வந்து மோதணும். அவர் தாமதித்தால் ஒரு பாயிண்டுக்குப் பதிலா ரெண்டு, மூணு பாயிண்ட் போயிடும். களத்தில் மூணு பேர் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயிண்ட். அப்போ பாய்வதா, விட்டுவிடுவதா என்று சொல்ல அனுபவசாலி ஒருத்தர் உள்ளே வேணும்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் தடுப்பாட்டத்துக்கென்றே தனி கோச் வைத்திருப்பார்கள். தர்மராஜ் அந்த வேலையை களத்துக்குள் நின்றே பார்த்தார் என்று சொல்லலாம். யு மும்பாவில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி இடது கார்னர், இவர் வலது கார்னர். 2019-ல் 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன்.

2024 சீசனில் தமிழ் தலைவாஸ் அணி உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராகவும், தர்மராஜை வியூகப் பயிற்சியாளராகவும் நியமித்தது. இனி கையால் பிடிக்க முடியாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம், டைம்-அவுட்டில் கிடைக்கும் சில நொடிகளில் பேசலாம், அவ்வளவுதான்.