பிள்ளைப் பராமரிப்புச் சட்டம் வளர்ந்த கதை



கணவனும் மனைவியும் பிரிய நேரும்போது வீட்டுச் சாமான்களைப் பங்கிடலாம். சேர்த்து வைத்த பணத்தையும் பங்கிடலாம். பிள்ளையைப் பங்கிட முடியாது. அது தாயிடம் வளர்வதா, தந்தையிடம் வளர்வதா என்ற கேள்வி எழுந்தே தீரும். பெற்றோரில் ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தாலோ, வேறு நாட்டில் பிறந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்தவராக இருந்தாலோ, அந்தக் கேள்வி மேலும் சிக்கலாகிறது. எந்த நாட்டுச் சட்டம் செல்லும், யாரிடம் போய் ஆலோசனை கேட்பது என்று தெரியாமல் நம் மக்கள் பலர் தவித்திருக்கிறார்கள். இந்தச் சட்டம் வளர்ந்து வந்த வரலாற்றை அறிந்துகொண்டால், இன்று எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் விளங்கும். அதையே இன்று பார்ப்போம்.

பினாங்கு லைட் தெருவில் உள்ள நீதிமன்றக் கட்டடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் வளாகத்திலே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வழக்கறிஞருக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1869ஆம் ஆண்டில் காலமான அவர், வெள்ளையர் அல்லாத மக்களின் உரிமைகளுக்காக வாதாடியவர் என்று போற்றப்படுகிறார். வக்கீலை அமர்த்த வசதியில்லாதவனுக்கும் நியாயம் கேட்க ஒருவர் வேண்டும் என்பதை அந்தச் சின்னம் இன்றும் நமக்கு நினைவூட்டுகிறது.

பினாங்கில் ஆங்கிலேயர் குடியேறியது 1786ஆம் ஆண்டில். முறையான நீதிமன்றம் அமைய 1807ஆம் ஆண்டின் அரச சாசனம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. குடிமக்களின் சமயங்களையும் பழக்கவழக்கங்களையும் இயன்றவரை மதித்து நீதி வழங்க வேண்டும் என்று அந்தச் சாசனம் கூறியது. ஆயினும் நீதிமன்றத்தோடு சேர்ந்து இங்கிலாந்துச் சட்டமும் கரையேறியது. அக்காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி பிள்ளை தந்தைக்கே உரியது. பத்து மாதம் சுமந்த தாய்க்குத் தன் பிள்ளையைக் கேட்டுப் பெறும் உரிமை கிடையாது.

அந்த அநியாயத்தை எதிர்த்து இங்கிலாந்திலேயே ஒரு தாய் கிளம்பினார். கரோலின் நார்ட்டன் என்பது அவர் பெயர். எழுத்தாளரான அவருடைய மூன்று மகன்களையும் கணவர் பிரித்துக்கொண்டு போனார். அந்த அம்மையார் மனம் தளராமல் எழுதினார், வாதாடினார். அதன் பயனாக 1839ஆம் ஆண்டில், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தாய் மனுச் செய்யலாம் என்று சட்டம் வந்தது. 1925ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், பிள்ளையின் நலமே முதன்மையானது என்று விதித்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய தொடுவாய்க் குடியேற்றங்களில் 1934ஆம் ஆண்டில் பிள்ளைகளின் பாதுகாவலர் பற்றிய தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

ஆனால் நகரத்துச் சட்டம் தோட்டத்து லயங்களுக்கு எளிதில் வந்து சேரவில்லை. நீதிமன்றம் தொலைவில் இருந்தது; அங்கே வழங்கிய மொழி ஆங்கிலம். குடும்பத் தகராறு வந்தால் கங்காணியும் கோயில் பெரியவர்களும் பேசித் தீர்த்தார்கள். அவர்களில் நியாயவான்கள் பலர் இருந்தார்கள். ஆயினும் வாயால் சொன்ன தீர்ப்புக்குத் தோட்டத்து எல்லைக்கு அப்பால் மதிப்பில்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது கப்பல்கள் ஓடிய காலத்தில் தெரிந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு துறைமுகத்துக்கு ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். வந்த கப்பலிலேயே திரும்பிப் போனவர்களும் உண்டு. 1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் பெற வேண்டும் என்ற விதியால், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகம் திரும்பினார்கள். சில குடும்பங்களில் ஒருவர் கப்பலேற, மற்றவர் இங்கேயே நின்றார். பிள்ளை பாட்டியின் கையில் விடப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. பள்ளியில் சேர்க்கவும் பத்திரம் எடுக்கவும் பின்னாளில் பட்ட பாட்டுக்கு அதுவே காரணம்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் நீதிபதிக்கு ஒரு கட்டளை இட்டது: முதலில் பிள்ளையின் நலத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அது. ஆயினும் அதே சட்டம் தந்தையைத்தான் இயல்பான பாதுகாவலராக வைத்திருந்தது. முஸ்லிம் அல்லாதோருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று அச்சட்டம் கருதுகிறது. ஆனால் அப்படி இல்லை என்று மறுதரப்பு சான்று காட்டவும் இடம் தருகிறது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்டறிகிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கு இவ்விவகாரங்கள் ஷரியா நீதிமன்றத்துக்கு உரியவை.

1999ஆம் ஆண்டு தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் முதலீட்டுப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் பாதுகாவலராக இருக்க முடியும் என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்பது சட்டத்தில் இடம்பெற்றது.

தீர்ப்புப் பெற்றால் மட்டும் போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஈப்போவைச் சேர்ந்த ஒரு தாய்க்கு 2010ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பராமரிப்புரிமையையும் வழங்கியது. பிள்ளைகளை மதமாற்றம் செய்ய இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் கைக்குழந்தையாக இருக்கும்போது தந்தை கொண்டுபோன கடைசி மகளை அந்தத் தாய் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பெறவில்லை. பிள்ளை கைமாறிப் போன பிறகு தேடுவதைவிட, போகுமுன் தடுப்பது எளிது. பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று தடையுத்தரவு இட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஓர் அச்சம் எழுந்தால் அன்றைக்கே சட்ட ஆலோசனை பெற வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நாள் ஆக ஆகப் பிள்ளை புதிய இடத்தில் ஊன்றிவிடும். அதைப் பெயர்ப்பது நலமா என்று நீதிபதியும் யோசிப்பார்.

சரி, ஆலோசனை எங்கே கிடைக்கும்? வசதி குறைந்தவர்களுக்காக 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. வருமானத்தை விசாரித்து உதவி செய்வார்கள். வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையமும் பினாங்கில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கப்பட்ட பெண்கள் மாற்றத்துக்கான மையம், துன்பப்படும் பெண்களுக்கு ஆலோசனை தருகிறது. போகும்போது திருமணப் பதிவுப் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பள்ளிக் குறிப்புகள், மருத்துவ அட்டை ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்ல வேண்டும்.

தமிழகத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், “நாம் வெளிநாட்டுக்காரி, நமக்கேது நீதிமன்றம்?” என்று ஒதுங்க வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இங்கு வசித்த மனைவி, கணவர் வேறு நாட்டை நிலையான இருப்பிடமாகக் கொண்டிருந்தாலும், மணவிலக்குக்கு இங்கேயே மனுச் செய்ய வழி உண்டு. மணவிலக்கு மனுவுக்கு முன் சமரசக் குழுவிடம் போக வேண்டும் என்பது பொது விதி. மறுதரப்பினர் வெளிநாட்டில் இருந்து, மனுச் செய்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திரும்ப வாய்ப்பில்லை என்றால், அந்த விதிக்கும் விலக்கு உண்டு.

பிள்ளை ஏற்கெனவே கடல் கடந்துவிட்டால் என்ன செய்வது? அப்படிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காக 1980ஆம் ஆண்டில் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கையில் அது 2001ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் இந்தியாவும் 2024ஆம் ஆண்டு வரையில் அதில் சேரவில்லை. ஆகவே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போன பிள்ளைக்காக அந்த ஊர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே அங்கு விசாரிக்கும். அவசரம் என்றால் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடுகிறார்கள். இங்கே பெற்ற உத்தரவு அங்கே தானாகச் செல்லாது. அயல்நாட்டு உத்தரவைப் பிள்ளையின் நலத்தோடு சேர்த்து எடை போடும் ஓர் அம்சமாகவே கொள்ள வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் கூறியது. எனினும் அந்த உத்தரவைக் கையில் வைத்திருப்பது பலமே.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவும் வேண்டாம். இந்தியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்டந்தோறும் இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் இலவச உதவி அளிக்க அந்தச் சட்டம் வகை செய்கிறது. சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலும் வழி கேட்கலாம். ஆனால் பிள்ளையை வாங்கித் தரும் அதிகாரம் தூதரகத்துக்கு இல்லை. அது நீதிமன்றத்துக்கே உண்டு.

நேயர்களே, இரு நூற்றாண்டுகளுக்கு முன், “பிள்ளை யாருக்குச் சொந்தம்?” என்று கேட்ட சட்டம், இன்று, “பிள்ளைக்கு எது நல்லது?” என்று கேட்கிறது. இந்த மாற்றம் தானாக வந்ததன்று. துணிந்து போய்க் கேட்டவர்களால் வந்தது. பிரிய நேர்ந்த பெற்றோரும் ஒருவரையொருவர் வெல்வது எப்படி என்று எண்ணாமல், அந்தக் கேள்வியையே தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்களானால் பல வழக்குகள் நீதிமன்றத்துக்கே போகாமல் தீரும். அப்படித் தீர்த்தாலும் பேசி முடித்ததை எழுத்தில் ஆக்கி, நீதிமன்ற உத்தரவாகப் பெற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அதுவே காவல்.